நாகர்கோவில் பக்கம் கிட்டார் பிக்கப் மாற்றுவது: கொண்டுவர வேண்டியதும் இங்கேயே கிடைப்பதும்

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில், சாக்லேட்டுக்கும் தைலக் குப்பிக்கும் நடுவே, இப்போது கிட்டார் பிக்கப்பும் (தந்தியின் அசைவை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) வருகிறது. ஆலயத்தில் வாசிக்கும் சித்தப்பா மகனுக்காகவோ, ஊர்வீட்டு அலமாரி மேல் கிடக்கும் பழைய கிட்டாருக்காகவோ வாங்கி வருகிறார்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் என்ற சுமார் 70 கிலோமீட்டருக்குள் அந்த வேலையை முடிக்க முடியுமா? முடியும். இந்தமுறை யமஹா பசிஃபிகா, ஸ்குவையர் ஸ்ட்ராட் என்ற இரண்டு எலக்ட்ரிக் கிட்டார்களுக்கு முடித்தாயிற்று. ஈயம் வைக்கத் தெரிந்த கைக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமே இல்லை. எந்த பிக்கப் என்று தீர்மானிப்பதிலும், கூடவே கொண்டுவராமல் விட்ட சின்னச் சாமான்களிலும்தான் வேலை நின்றுபோகிறது.

வாங்குவதற்கு முன் கிட்டார் எங்கே ஒலிக்கப்போகிறது என்று யோசிக்க வேண்டும். டொரொண்டோவில் வீட்டு ஆம்ப் வழியாகக் கேட்டு மயங்கிய சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் இங்கே ஆலய மேடையில் அப்படிக் கேட்காது. இங்கே பெரும்பாலும் கிட்டாருக்குத் தனி ஆம்ப் கிடையாது. மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி வழியாக நேரே மிக்ஸருக்குப் போகும். அதே மின் இணைப்பில் சீரியல் செட்டும் எல்.இ.டி. விளக்கும் எரியும். எர்த் ஒழுங்காக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. சிங்கிள் காயில் என்பது காந்தமும் அதைச் சுற்றி ஏழெட்டாயிரம் சுற்றுக் கம்பியும்தான். தந்தி அசைவதைப் பிடிக்கும் அதே கம்பி, பக்கத்து மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். ஹம்பக்கர் என்ற வகை பிக்கப்பில் இரண்டு காயில். காந்தத் துருவமும் எதிர், சுற்றின் திசையும் எதிர். தந்தியின் ஒலி சேர்ந்துகொள்ளும், இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் 1955-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்ததும் இந்த இரைச்சலை ஒழிக்கத்தான்.

ஆகவே ஊரில் வாசிக்கப்படும் கிட்டாருக்கு ஹம்பக்கர், ஸ்ட்ராட் என்றால் அதே அளவில் வரும் இரைச்சலற்ற பிக்கப் என்பதே எங்கள் முடிவு. கிட்டார் உடலில் பிக்கப் உட்காரும் பள்ளத்துக்குள் செப்புத்தாள் ஒட்டினால் போதாதா என்று கேட்பார்கள். டிம்மரும் மலிவான எல்.இ.டி. டிரைவரும் கிளப்பும் கிர்ர் சத்தம் அதில் நன்றாகக் குறையும். ஆனால் காந்தப்புலம் வழியாக வரும் அடித்தொண்டை 'உம்ம்' செப்புத்தாளுக்கு அடங்காது.

அடுத்தது எண்கள். பிக்கப் பெட்டியில் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) என்று போட்டிருக்கும் கிலோ ஓம் ('கே') எண்ணைப் பார்த்து, '16 கே, 8 கே-யைவிட இரண்டு மடங்கு சத்தம்' என்று நினைப்பது தவறு. மெல்லிய கம்பி சுற்றினாலே ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும். பழைய பாணி பிக்கப்புகளில் அமெரிக்கக் கணக்கில் 42 கேஜ் கம்பி. பலமான பிக்கப்புகளில் 43, 44 என்று மெலிந்துகொண்டே போகும். ஒரே மாதிரிக் கம்பியும் காந்தமும் உள்ள இரண்டை ஒப்பிடத்தான் அந்த எண் உதவும். இன்னொன்று: செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரி அறையில் 8.0 கே காட்டிய பிக்கப், 32 டிகிரி மார்த்தாண்டம் மதியத்தில் 8.4 கே காட்டும். அதைப் பார்த்து 'வேறு பிக்கப்பை மாட்டி ஏமாற்றிவிட்டார்கள்' என்று மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகக்கூடாது.

டோனைத் தீர்மானிப்பது பிக்கப் சுருளின் இண்டக்டன்ஸும் (ஹென்றியில் அளப்பது) கேபிளின் கெபாசிட்டன்ஸும் (ஃபாரடில் அளப்பது) சேர்ந்து உண்டாக்கும் உச்சி. அந்த உச்சி எந்த அலைவரிசையில் விழுகிறதோ அங்கே ஒலி எடுப்பாகும், அதற்கு மேலே சரியும். ஆறு மீட்டர் கேபிளும் பிக்கப்பின் சொந்தக் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து 700 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 2.4 ஹென்றி உள்ள ஸ்ட்ராட் பிக்கப்புக்கு உச்சி 3.9 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். அந்தக் கண்ணாடிச் சத்தம் அதுதான். 4.4 ஹென்றி உள்ள பழைய பாணி ஹம்பக்கருக்கு 2.9. 8 ஹென்றி உள்ள பலமான ஹம்பக்கருக்கு 2.1, மனிதக் குரலின் சொல் தெளிகிற இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மைக் செட்காரர் பத்து மீட்டர் கேபிளைக் கொடுத்தால் எல்லாம் இன்னும் கீழே இறங்கும். புது பிக்கப் மந்தமாக இருக்கிறது என்று குறைப்படுவதற்கு முன் நான்கு மீட்டர் கேபிளில் ஒருமுறை கேட்டுப்பார்க்க வேண்டும்.

பசிஃபிகாவின் பிரிட்ஜ் (தந்தி கட்டும் பாலம்) பக்கத்து இடத்துக்கு ஆலோசித்தவை மூன்று. சீமோர் டங்கனின் ஃபிஃப்டி நைன்: அல்நிகோ 5 காந்தம், சுமார் 8 கே, பழைய பாணி. அதே நிறுவனத்தின் ஜே.பி.: இதுவும் அல்நிகோ 5, ஆனால் 16 கே, மேல் நடுப்பகுதி துருத்திக்கொண்டு வரும். டிமார்ஸியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன்: செராமிக் காந்தம், சுமார் 13.7 கே, அடிப்பகுதி தடித்து, அடித்தவுடன் பாயும். கீபோர்டும் சபையின் குரலும் நிரம்பியிருக்கும் இடத்தில் லீட் வாசிப்பவருக்கு ஜே.பி. நன்றாக வெளியே தெரியும். அதன் மேல் நடுப்பகுதி காதைக் குத்தினால் 500 கே வால்யூம் கண்ட்ரோலை 250 கே-ஆக மாற்றினாலே அடங்கும். டிலே போட்டுத் தனித்தனி தந்தியாகத் தட்டுகிறவருக்கு ஃபிஃப்டி நைன்தான் சரி. நிரம்பிய ஒலியிலும் ஸ்வரங்கள் ஒட்டிக்கொள்ளாது. பசிஃபிகாவில் நடுவிலும் கழுத்திலும் சிங்கிள் காயில் இருப்பதால், ஜே.பி. போட்டால் பிக்கப் மாற்றும் செலக்டரைத் தள்ளும்போது சத்தம் தடாலென்று விழும். அதற்காகவும் ஃபிஃப்டி நைனே போட்டோம்.

இ.எம்.ஜி. போன்ற, பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப் இரைச்சலில் மிகவும் அமைதி. ஆனால் வால்யூம், டோன் கண்ட்ரோல்களையும் ('பாட்') 25 கே-க்கு மாற்ற வேண்டும். ஆராதனை முடிந்தபின் கேபிளைச் சொருகியே வைத்துவிட்டுப் போனால் 9 வோல்ட் பேட்டரி சும்மாவே தீர்ந்துகொண்டிருக்கும். பலபேர் மாறி மாறி எடுக்கும் ஆலயக் கிட்டாருக்கு அது வேண்டாம்.

இங்கே என்ன கிடைக்கும்? ரேடியோ சாமான் கடையில் 'பாட்' என்றால் விழிக்கும் கடைக்காரரும் 'வால்யூம் கண்ட்ரோல்' என்றால் டப்பாவை எடுத்துவிடுவார். அதில் 470 கே, 220 கே இருக்கும். ஹம்பக்கருக்கு 500-க்குப் பதில் 470, சிங்கிள் காயிலுக்கு 250-க்குப் பதில் 220 தாராளமாகப் போதும். கவனிக்க வேண்டியது எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தை: 'ஏ' என்றால் லாக் (காதுக்குச் சீராக ஏறி இறங்கும்), 'பி' என்றால் லீனியர் (ரெசிஸ்டன்ஸ் சமமாக ஏறும்). கடையில் கைக்கு வருவது பெரும்பாலும் 'பி'. அதை வால்யூமுக்குப் போட்டால் திருப்பும் தூரத்தில் பெரும்பகுதி சும்மா சுற்றும், கடைசியில் ஒரேயடியாக விழும். ஆகவே ஏ500 கே பாட் இரண்டை வெளிநாட்டிலிருந்தே கொண்டுவருவது நல்லது. அமெரிக்கப் பெரிய பாட்டுக்கு 9.5 மில்லிமீட்டர் துளை வேண்டும். ஆசியக் கிட்டார்களின் துளை அதைவிடச் சிறியது. தண்டின் பற்களும் அமெரிக்கப் பாட்டில் 24, ஆசியக் கிட்டாரில் 18 என்று பொருந்தாது, பழைய குமிழ் ஏறாது. ஆகவே சிறிய உடலுள்ள பாட்டாகவே வாங்க வேண்டும். கெபாசிட்டரைச் சுமந்துவர வேண்டியதில்லை. 223 என்று போட்ட பச்சைக் கெபாசிட்டர் 0.022 மைக்ரோஃபாரட், 473 என்றால் 0.047. எந்தக் கடையிலும் கிடைக்கும், டோனுக்கு அதுவே போதும். வெளிநாட்டு 120 வோல்ட் சால்டரிங் அயர்னைக் கொண்டுவந்து இங்கே 230-ல் சொருகிவிடக் கூடாது.

மார்த்தாண்டம் பக்கத்தில் வேலையைச் செய்தவர் ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக். கிட்டார் அவருக்கு எப்போதாவது வரும் சாமான்தான். கை சுத்தமான கை. இரண்டு விஷயம் மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. முதலாவது, பாட்டின் முதுகில் எர்த் கம்பி வைக்க அவருடைய 25 வாட் அயர்ன் போதாது. அந்தத் தகரம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். இருபது நொடி அழுத்திப் பிடித்தால் ஈயம் உருகுவதற்குள் உள்ளே கார்பன் தடம் கெட்டுப்போகும். "அண்ணாச்சி, முதுகைக் கொஞ்சம் சுரண்டிட்டு பெரிய அயர்ன்ல வைங்க" என்றதும் அவரே 60 வாட்டை எடுத்துவிட்டார். உப்புத்தாளால் தேய்த்து, அகலமான முனையால் மூன்று நான்கு நொடியில் ஈயம் பளபளவென்று படர்ந்தது. சொரசொரப்பாக உருண்டு நின்றால் அது டிரை சால்டர். பிறகு வாசிக்கும்போது விட்டுவிட்டு வரும்.

இரண்டாவது, கம்பியின் நிறம். வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். டங்கனில் கறுப்பு சிக்னல். பச்சையும் மூடாத கம்பியும் எர்த். சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகச் சேர்த்து ஈயம் வைத்துத் தனியாக மூடிவிட வேண்டும். 'இது ரெண்டும் எதுலயும் போகலையே' என்று தனித்தனியே டேப் சுற்றிவிட்டால் சுற்று அறுந்து ஒலியே வராது. டிமார்ஸியோவில் சிவப்பு சிக்னல், பச்சை எர்த், கறுப்பும் வெள்ளையும் சேர வேண்டும். டிமார்ஸியோவை டங்கன் நிறக்கணக்கில் கட்டினால் ஒலி வரும், ஆனால் இரண்டு காயிலும் ஒன்றுக்கொன்று எதிராக நின்று, குரல் மெலிந்து, இரைச்சல் கூடிவிடும். திருவனந்தபுரத்தில் ஒரு கடையிலிருந்து இப்படித் திரும்பிவந்த கிட்டாருக்கு 'பிக்கப் டூப்ளிகேட்' என்று தீர்ப்பே எழுதியிருந்தார்கள். பிக்கப்பில் ஒரு குறையும் இல்லை. நிற வரைபடத்தைத் தாளில் அச்சிட்டுக் கையில் கொடுப்பதுதான் வழி. போனில் காட்டினால் வேலை நடக்கும் நேரம் திரை அணைந்திருக்கும்.

மூடுவதற்கு முன் கடையிலேயே சோதிக்க வேண்டும். வால்யூமை முழுதும் திறந்து, ஜாக்கில் மீட்டர் வைத்தால் 8 கே பிக்கப் ஏறக்குறைய 7.9 காட்டும், 500 கே பாட் பக்கத்தில் இணைந்திருப்பதால் வரும் வித்தியாசம் அது. பிறகு ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு பிக்கப்பின் தலையையும் தட்டி, செலக்டரின் ஐந்து நிலையிலும் எது பேசுகிறது என்று பார்க்க வேண்டும். புது பிக்கப்பும் பழையதும் சேரும் நிலையில் ஒலி தகரம்போல் மெலிந்தால் ஃபேஸ் எதிர், அதாவது இரண்டின் அலைகளும் எதிரெதிராக நிற்கின்றன. நான்கு கம்பியுள்ள ஹம்பக்கரில் சிக்னலையும் பச்சையையும் இடம் மாற்றினால் தீரும். மூடாத கம்பி எர்த்திலேயே இருக்க வேண்டும். ஒற்றைக் கம்பியும் வலையுறையும் மட்டும் உள்ள பழைய வகையில் அப்படி மாற்றக்கூடாது, உறையே சிக்னலாகிக் கத்தும். அங்கே காந்தத்தைத்தான் திருப்ப வேண்டும். பிக்கப்போடு வந்த திருகையே போடுங்கள். பழைய மெட்ரிக் திருகை அமெரிக்க பிக்கப்பின் காலில் முறுக்கினால் மரை போய்விடும்.

உயரம் வைக்கும் வேலையைக் கடையில் விடாமல் வீட்டில் நிதானமாகச் செய்யலாம். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிக்கும் பிக்கப்பின் தலைக்கும் நடுவே அளக்க வேண்டும். பிரிட்ஜ் ஹம்பக்கருக்கு மெல்லிய தந்திப் பக்கம் 1.6, தடித்த தந்திப் பக்கம் 2.4 மில்லிமீட்டரில் தொடங்கலாம். காந்தத் தண்டு உள்ள ஸ்ட்ராட் பிக்கப்பை அவ்வளவு நெருக்கினால் காந்தம் தந்தியை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலையும். 2.0, 2.4 என்று விட்டு வையுங்கள்.

பழையதையும் புதியதையும் ஒப்பிட வேண்டுமென்றால், மாற்றுவதற்கு முன்பே பழையதைப் பதிவுசெய்து வைக்க வேண்டும். ஒரே தந்தி செட், ஒரே கேபிள், ஒரே சொற்றொடர், ஆடியோ இண்டர்ஃபேஸில் நேராக. போன் மைக்கில் எடுத்தால் அதுவே சத்தத்தை ஏற்றி இறக்கிச் சமன் செய்துவிடும், வித்தியாசம் மறைந்துபோகும். கேட்கும்போது இரண்டின் சத்தத்தையும் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். சற்றே உரத்தது எதுவோ அதுதான் நல்லதென்று காது சொல்லிவிடும்.

மேடையில் ஏறும் முன் ஒன்று கட்டாயம். தந்தியில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். எர்த் இல்லாத பிளக்கில் எஃபெக்ட்ஸ் பெட்டியின் அடாப்டர் ஓடினால் தந்தியில் மின்னழுத்தம் ஏறியிருக்கும். விரலில் விர்ரென்று தெரிவது அதுதான். அந்தத் தந்தியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் அடிக்கும். இணைப்பு மோசமாக இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. டெஸ்டர் எரிந்தால், எர்த் சரியாகும்வரை அந்தப் பிள்ளையைக் கிட்டாரைத் தொட விடாதீர்கள்.

அறுந்துபோன பழைய பிக்கப்பை ஊரிலேயே சுற்றித் தருவார்களா என்றும் பலர் கேட்கிறார்கள். மோட்டார் வைண்டிங் கடைக்காரரிடம் சுற்றெண்ணும் இயந்திரம் உண்டு, பொறுமையும் உண்டு. கம்பிதான் இல்லை. அமெரிக்க 42 கேஜ் 0.063 மில்லிமீட்டர். இங்கே கம்பி பிரிட்டிஷ் கேஜில் வருகிறது. அதில் 46 என்பது 0.061, மிக நெருங்கியது. அதே சுற்றுக்கு ரெசிஸ்டன்ஸ் 8 சதவீதம் கூடும், காதுக்கு அது தெரியாது. ஃபேனுக்குச் சுற்றும் கம்பி இதைவிடப் பல மடங்கு தடிப்பு என்பதால் 46-ஐக் கடையில் வைத்திருக்க மாட்டார்கள். சென்னை ரிச்சி தெருப் பக்கம் விசாரித்து வரவழைக்க வேண்டும். ஃபேன் கம்பிக்குக் கொடுக்கும் இழுவையைக் கொடுத்தால் சட்டென்று அறுந்துவிடும். இரண்டு விரலுக்கு நடுவே துணி வைத்து லேசாக வழியவிடச் சொல்ல வேண்டும். சுற்றி முடிந்ததும் எட்டுப் பங்கு பாரஃபின், இரண்டு பங்கு தேன்மெழுகு கலந்து, 65 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த பாத்திரத்தில் முக்க வேண்டும். குமிழி வருவது நிற்கும்வரை உள்ளேயே இருக்கட்டும். மெழுகு ஊறாத காயில், சத்தம் கூடியதும் மைக் மாதிரிக் கீச்சிடும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று கம்பியின் எனாமலைத் தின்னாமல் காப்பதற்கும் அந்த மெழுகு உதவும்.