கேனான் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸ்: நான்கு ஆண்டுப் பழக்கத்துக்குப் பின் ஒரு மதிப்பீடு

வீட்டில் நல்ல கேமரா இருந்தும், ஊருக்குப் போய்வந்து படங்களைக் கணினியில் ஏற்றிப் பார்க்கும்போது மனம் நிறையாமல் போகிறவர்கள் பலர். நானும் அப்படித்தான் இருந்தேன். என்னிடம் இருப்பது கேனான் இஓஎஸ் 200டி. அதோடு சேர்த்து விற்கும் 18-55 லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் படம் எடுத்தேன். ஆட்கள் தூரத்தில் சிறிதாக நின்றார்கள், தலைக்குப் பின்னால் மின்கம்பமோ விளம்பரப் பலகையோ முளைத்திருந்தது, இரவில் வீட்டுக்குள் எடுத்தவை கலங்கியிருந்தன. அதன் பிறகு நான் வாங்கியது புதிய கேமரா அல்ல. பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைத்த கேனான் இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸ். மி.மீ. எண் கூடக்கூட லென்ஸின் பார்வை குறுகும். எஃப் எண் வெளிச்சம் நுழையும் துளையின் அளவைச் சொல்வது, அது குறையக் குறையத் துளை விரியும். எஸ்டிஎம் என்பது ஃபோகஸ் செய்யும் மோட்டாரின் வகை. நான்கு ஆண்டுகளாக வீட்டிலும் பயணத்திலும் அதைப் பயன்படுத்திவருகிறேன். என் படங்கள் தேறியதற்கு அதன் கண்ணாடி பாதிக் காரணம் என்றால், ஜூம் இல்லாத அந்த லென்ஸ் என்னிடம் ஏற்படுத்திய பழக்கங்கள் மீதிப் பாதி என்று உறுதியாகச் சொல்வேன்.

2015ஆம் ஆண்டு வெளியான இந்த லென்ஸின் எடை 160 கிராம், உள்ளங்கையில் அடங்கிவிடும். 1990 முதல் விற்பனையில் இருந்த முந்தைய வடிவத்தில் கேமராவோடு பொருந்தும் வளையம் பிளாஸ்டிக்கால் ஆனது, இதில் உலோகம். முந்தையது 45 செ.மீ. வரைதான் கிட்டே போய் ஃபோகஸ் செய்யும், இது 35 செ.மீ. வரை போகும். துளையைச் சுருக்கி விரிக்கும் தகடுகள் ஐந்திலிருந்து ஏழாகியிருப்பதால், பின்னணியில் மங்கித் தெரியும் விளக்குப் பொட்டுகள் ஐங்கோணமாக இல்லாமல் ஏறக்குறைய வட்டமாகவே விழுகின்றன. 200டி போன்ற, ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) கொண்ட கேமராக்களில் பார்வை 1.6 மடங்கு குறுகும் என்பதால், பெரிய சென்சார் கேமராவில் 80 மி.மீ. லென்ஸ் காட்டும் பரப்பைத்தான் இது காட்டும். முகங்களுக்கு அது பொருத்தமானது, சிறிய அறைகளுக்கு நெருக்கடியானது. இந்த லென்ஸைப் பற்றி நான் சொல்லப்போகிற நிறையும் குறையும் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்து வருபவை.

ஜூம் இருந்தால் நின்ற இடத்தைவிட்டு அசையாமல் வளையத்தைத் திருப்பிப் பெரிதாக்கிக்கொள்ளத் தோன்றும். இதில் அது முடியாது. கிட்டே வேண்டுமென்றால் நடந்துதான் போக வேண்டும். அப்படி நடக்கிற நான்கு அடிகளுக்குள் பின்னணியே மாறிவிடுகிறது என்பதை நான் தெரிந்துகொண்டது இந்த லென்ஸால்தான். ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால் மின்கம்பம் தலைக்குப் பின்னாலிருந்து விலகிவிடும். முழங்காலை மடக்கிக் குழந்தையின் கண் மட்டத்துக்குத் தாழ்ந்தால், தரைக்குப் பதிலாக அதன் பின்னால் வாசலும் தெருவும் தெரியும். பொத்தானை அழுத்துவதற்கு முன் படச் சட்டத்தின் நான்கு ஓரங்களையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றிவருவது இப்போது எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது, அதற்கு ஒரு நொடிகூட ஆவதில்லை.

இரண்டாவது பழக்கம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்பது. எங்கள் அப்பத்தா ஒருநாள் காலையில் உள்ளறை ஜன்னலோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கூடத்துக் குழல்விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்காமல், ஜன்னல் என் வலது தோளுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி தரையில் உட்கார்ந்தேன். “கீரை ஆயுறதைப் போயி என்னத்தப் படம் எடுக்குற” என்றாரே தவிர, கை நிற்கவில்லை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்த வெளிச்சத்தில் புறங்கை நரம்புகள், விரலிடுக்கில் உருவப்படும் காம்பு, முறத்தில் குவிந்த இலைகள் எல்லாம் தனித்தனியாக எழுந்து நின்றன. ஃபிளாஷ் போட்டிருந்தால் வெளிச்சம் நேராக விழுந்து அத்தனையும் தட்டையாகியிருக்கும், அவரும் கண்ணைச் சுருக்கியிருப்பார். 18-55 லென்ஸை 55இல் வைத்தால் அதன் துளை எஃப்/5.6க்கு மேல் விரியாது. இந்த லென்ஸின் எஃப்/1.8 துளை அதைவிட ஒன்பது மடங்குக்கும் அதிகமான வெளிச்சத்தை உள்ளே விடும். அந்த அறையில் பழைய லென்ஸ் நொடியில் 15இல் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்து வைத்திருக்கக் கேட்டிருக்கும், இது 125இல் ஒரு பங்கு போதும் என்றது. அசையும் கை கலங்காமல் பதிந்ததற்கு அதுதான் காரணம்.

எஃப்/1.8 கிடைத்த மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் அதிலேயே எடுப்பது இந்த லென்ஸ் வாங்கும் எல்லாரும் செய்யும் பிழை. நானும் செய்தேன். உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் இரண்டு வரிசையாக நின்ற பெரியவர்களை அந்தத் துளையிலேயே எடுத்தேன். முன்வரிசை தெளிவாகவும், பின்னால் நின்ற தாய்மாமன்மார் முகமெல்லாம் மங்கலாகவும் விழுந்தன. அந்தக் கூட்டம் மறுபடி ஒன்றுகூடுமா என்ற வருத்தம் இன்றும் எனக்குண்டு. 200டியில் இந்த லென்ஸை வைத்து ஒரு மீட்டர் தொலைவில் எஃப்/1.8இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் இரண்டரை செ.மீ. மட்டுமே, ஒரு கண் தெளிந்து மறு கண் மங்குவதற்கு அது போதும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று எஃப்/4 வைத்தால் ஆழம் ஏறத்தாழ 24 செ.மீ. ஆகும், ஒரு முகம் முழுவதும் அதற்குள் அடங்கும். குழுவாக நிற்பவர்களுக்கு எஃப்/5.6ஐவிடத் துளையை விரித்து நான் இப்போது எடுப்பதில்லை. கேமராவின் சுழல்வட்டில் ஏவி என்று குறித்த இடத்தில் வைத்துத் துளையை மட்டும் நாம் தீர்மானித்தால் மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஃபோகஸ் புள்ளியையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்பது புள்ளிகளில் எதை எடுப்பது என்பதைக் கேமராவிடம் விட்டால், அது பெரும்பாலும் கிட்டே இருக்கும் பொருளைப் பிடிக்கும், முகத்தை அல்ல. எனக்குக் கிட்டே இருக்கும் கண்ணின் மேல் புள்ளியை வைப்பதே எனக்குத் தவறாமல் பலன் தந்த முறை.

பயணத்தில் இந்த லென்ஸ் எப்படி என்பதற்குத் தாராசுரத்தைச் சொல்கிறேன். கும்பகோணத்தை ஒட்டியுள்ள ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் ராஜராஜன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. சக்கரமும் குதிரையும் பூட்டிய தேராக வடித்த அதன் முன்மண்டபத்தை முழுதாகச் சட்டத்துக்குள் கொண்டுவர முயன்று, பின்னால் நகர்ந்து நகர்ந்து அலுத்துப்போனேன். பிறகு முழுதாக எடுக்கும் எண்ணத்தை விட்டு, ஒரு சக்கரத்தையும் அதன் பக்கத்தில் என் அக்காள் மகளையும் மட்டும் எடுத்தேன். சக்கரம் எவ்வளவு பெரியது, அவள் அன்று எவ்வளவு சிறியவள் என்ற இரண்டையும் அந்தப் படம் வைத்திருக்கிறது. இந்த லென்ஸுக்கே உரிய வேலை கருவறையின் அடித்தளத்தில் இருந்தது. அறுபத்துமூன்று நாயன்மார்களின் வரலாறுகளை அங்கே சிறுசிறு புடைப்புச் சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள், கவனிக்காமல் நடந்தால் கடந்துவிடுவோம். தை மாதக் காலையில் எட்டு மணியளவில் தெற்குப் பக்கச் சுவரை வெயில் உரசினாற்போல் சாய்ந்து வந்தது. ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலும் விழுந்ததால், விரலளவு கைகளும் மடிப்புகளும் தெளிந்தன. கல்லுக்கு இணையாகக் கேமராவைப் பிடித்து, எஃப்/5.6 வைத்து, குந்தி உட்கார்ந்து எடுத்தேன். பதினொரு மணிக்கு அதே இடத்துக்குத் திரும்பி வந்தபோது வெயில் உச்சியை நெருங்கியிருந்தது, காலையில் கண்ட நுணுக்கங்கள் பாதிக்கு மேல் கண்ணுக்கே தெரியவில்லை. வெளியூர் போகிறவர்கள் காலை உணவுக்கு முன் ஒரு சுற்றுப் போய்வந்தால் போதும், அதைவிடப் பெரிய உபகரணம் வேறில்லை.

குறைகளுக்கு வருகிறேன். கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி இந்த லென்ஸில் இல்லை. ஆகவே ஷட்டர் வேகம் நொடியில் 100இல் ஒரு பங்கைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஓடும் குழந்தைக்கு 250இல் ஒரு பங்கு. எஃப்/1.8இல் வெயில் பட்ட இலை விளிம்புகளிலும் பளபளக்கும் பாத்திர ஓரங்களிலும் ஊதாக் கோடு தெரியும், எஃப்/2.8இல் அது பெரிதும் அடங்கிவிடுகிறது. லென்ஸின் முனையில் மாட்டும் வெயில் மறைப்பு பெட்டிக்குள் வராது, இஎஸ்-68 என்பதைத் தனியாக வாங்க வேண்டும். கையால் ஃபோகஸ் செய்யும் வளையம் மோட்டார் வழியாக இயங்குவதால், கேமரா ஓடாதபோது அதைத் திருப்பிப் பயனில்லை. இவை எதுவும் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பார்வை குறுகியிருப்பது ஒன்றுதான் உண்மையான குறை. டீக்கடைக்குள், பேருந்துக்குள், எட்டடி அறைக்குள் பின்னால் நகர இடமே இருக்காது. ஏபிஎஸ்-சி கேமராவோடு பயணம் போகிறவர், ஒரே லென்ஸ்தான் எடுத்துச் செல்வேன் என்றால், கேனானின் இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப்/2.8 லென்ஸையே பரிந்துரைப்பேன். 125 கிராம்தான், 16 செ.மீ. வரை கிட்டே போகும், மண்டபமும் இலையில் பரிமாறிய சாப்பாடும் இரண்டும் அதற்குள் அடங்கும். வீட்டு மனிதர்களின் முகங்களைச் சேர்த்து வைக்க நினைப்பவருக்கு 50தான்.

உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) கேனான் ஆர் வகைக் கேமரா வைத்திருப்பவர்கள் இதை அடாப்டர் என்ற இணைப்பு வளையம் போட்டுப் பயன்படுத்துவதைவிட, அந்தக் கேமராக்களுக்கென்றே 2020இல் வெளியான ஆர்எஃப் 50 மி.மீ. எஃப்/1.8ஐ வாங்குவது நல்லது. எடை அதே 160 கிராம், 30 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். என் நண்பருக்காகப் பழைய கேமராக் கடை ஒன்றில் இதே லென்ஸை வாங்கினோம். வெளியே கீறல்கூட இல்லை. ஒரு வாரம் கழித்துச் சூரியனுக்கு எதிரே எடுத்த படமெல்லாம் வெளுத்துப் போனபோதுதான், உள்கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருப்பதைக் கண்டோம். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். வாங்குவதற்கு முன் இரு பக்க மூடிகளையும் கழற்றி, பின்பக்கமிருந்து கைபேசி விளக்கை அடித்து, முன்பக்கம் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். நூலிழை போன்றோ பனிப்படலம் போன்றோ எது தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். ஈரக்காற்று மிகுந்த நம் ஊர்களில் புது லென்ஸுக்கும் இதே ஆபத்து உண்டு. தோல்பைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்திருக்கிறேன், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பொட்டலங்களை மாற்றுகிறேன். நான்கு ஆண்டுகளாகியும் கண்ணாடி தெளிவாக இருக்கிறது.