'பிலிம் இல்லை, அதனால் டெஸ்ட் பண்ணவில்லை' என்று சொல்லி போலராய்டு விற்பவர்கள்: உஷார்

பழைய கேமரா விற்கும் ஓர் ஆன்லைன் பக்கத்தில் எடுத்த உடனே படத்தை வெளியே தள்ளும் போலராய்டு எஸ்எக்ஸ்-70 கேமரா ஒன்றை 19,000 ரூபாய்க்கு வாங்கினேன். '1972 மாடல், முதல் பேட்ச், பக்கா கண்டிஷன், பிலிம் பேக் ஒன்று ஃப்ரீ' என்று போட்டிருந்தார்கள். ஓடுகிறதா என்று கேட்டேன். 'கையில் பிலிம் இல்லை சார், டெஸ்ட் பண்ணவில்லை, ஆனால் நூறு சதவீதம் வொர்க்கிங்' என்று பதில் வந்தது. பிலிம் இல்லாதவர் எந்த பிலிமை ஃப்ரீயாகத் தருகிறார்? அதற்கு மட்டும் பதில் இல்லை.

பார்சலைப் பிரித்தால், கேமராவின் அடியில் ட்ரைபாட் மாட்டும் துளை, பக்கவாட்டில் ஸ்ட்ராப் வளையம். முதலில் வந்த எஸ்எக்ஸ்-70-இல் இரண்டும் கிடையாது. 1977-இல் வந்த ஆல்ஃபா மாடலின் அடையாளம் அது. ஆக, 1972 என்றது விலையை ஏற்றச் சொன்ன கதை. ஃப்ரீ பேக்கில் அச்சாகியிருந்த தேதியோ 2006. இந்தக் கேமராவுக்குத் தனி பேட்டரி கிடையாது, பிலிம் பேக்குக்குள் தட்டையாக இருக்கும் 6 வோல்ட் பேட்டரிதான் எல்லாவற்றையும் ஓட்டுகிறது. இத்தனை வருடத்தில் அது செத்து, படத்தைக் கழுவும் பசையும் காய்ந்துபோயிருந்தது.

சரி என்று புது பேக் வாங்கிப் போட்டேன். கதவை மூடியதும் மோட்டார் ஓடி, மேலே இருக்கும் கறுப்பு அட்டையைத் தானாக வெளியே தள்ள வேண்டும். இதுவோ 'கிர்ர்' என்று முனகிவிட்டுப் பாதி அட்டையோடு நின்றுவிட்டது. படத்தை அழுத்தி வெளியே தள்ளும் ரோலர் இரண்டிலும் பழைய பசை கல்லாக இறுகியிருந்தது. சுரண்டித் துடைத்த பிறகு படம் வந்தது, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வெள்ளைக் கோடு. மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார்: பெல்லோஸ், அதாவது கேமராவோடு மடங்கி விரியும் ரப்பர் உறை, அதன் மடிப்பில் ஓட்டை, அது வழியாக வெளிச்சம் கசிகிறது. படங்களை விற்றவருக்கு அனுப்பினேன். 'நீங்கள் போட்ட பிலிம்தான் சரியில்லை' என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்.

எனக்கு எரிச்சலே அந்த 'டெஸ்ட் பண்ணவில்லை' என்ற பேச்சில்தான். எஸ்எக்ஸ்-70, 600 வகைக் கேமராக்களை டெஸ்ட் செய்ய நல்ல பிலிமே வேண்டாம். படம் தீர்ந்த காலி பேக்கிலும் பேட்டரியில் பெரும்பாலும் சார்ஜ் மிச்சமிருக்கும். அதைப் போட்டுக் கதவை மூடினால் மோட்டார் ஓடும், மிச்சப் படங்களை எண்ணும் கவுண்டர் 10 காட்டும், பட்டனை அழுத்தினால் ஷட்டர் சத்தம் கேட்கும். ஒரு நிமிட வீடியோ கேளுங்கள். ரோலரையும் பெல்லோஸையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் இருப்பவரிடம் ஒரு காலி பேக்கூட இல்லை என்றால், டெஸ்ட் செய்து, ஓடவில்லை என்று தெரிந்துகொண்டுதான் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது கடையில் கிடைக்கும், புது போலராய்டு கேமராக்களுக்கான ஐ-டைப் பேக் இதற்கு உதவாது, அதில் பேட்டரியே இல்லை.

அப்புறம், பிலிம் கிடைக்கிறதா என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள், நீங்களே தேடுங்கள். கோடாக் இன்ஸ்டன்ட் கேமராக்கள், போலராய்டிடம் வழக்கில் தோற்று 1986-இல் முடிந்த கதை. பட்டையை இழுத்து உரிக்கும் பேக் பிலிம் கேமராக்களுக்கு ஃபுஜி தந்துவந்த எஃப்பி-100சி 2016-இல் நின்றது. போலராய்டின் இன்னொரு வகையான ஸ்பெக்ட்ராவின் பிலிம் 2019-இல்.

வேறு நம்பரிலிருந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். இப்போது ஒரு ஸ்பெக்ட்ரா விற்கிறார். 'பிலிம் எங்கும் கிடைக்கும்' என்று கீழே எழுதியிருக்கிறார்.