மதுரையிலிருந்து தேக்கடி, இரவிகுளம்: ஒரு வாடகைக் கார் சேவை

மாட்டுத்தாவணி அருகிலுள்ள வாடகைக் கார் நிலையத்தார் வகுத்துத் தந்த திட்டத்தில் பாராட்டத்தக்கது அதன் நேர ஒழுங்கு: நண்பகலில் மீனாட்சியம்மன் கோயில் நடை சாத்தப்படும் என்பதால், தரிசனத்தைக் காலையிலேயே முடித்து, திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்தபின் தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏறினோம். 1895இல் கட்டிமுடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையால் உருவான தேக்கடி ஏரியில், மறுநாள் முதல் படகிலேயே சென்றதால், யானைகள் கரையிறங்கி நீர் அருந்துவதை நெடுநேரம் காண முடிந்தது. புலியை எதிர்பார்த்துச் செல்வோர் பெரும்பாலும் ஏமாறுவர். மூணாறு அருகே இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகள் சாலையோரத்திலேயே மேய்ந்தன. ஆயினும், அவை குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்கா வழக்கமாக மூடப்படும் என்பதை நிலையத்தார் தாமாகச் சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். கேரள அனுமதிக் கட்டணம் வாடகையில் அடங்குமா என்பதையும் முன்பே எழுதி வாங்குவது நல்லது. திரும்புகையில் போடிமெட்டு வழியையே பரிந்துரைப்பேன்.