சிங்காநல்லூர் பக்கம் குழந்தைங்க நடிப்பு கிளாஸ், சேக்கலாமுங்களா?

பொண்ணுக்கு சினிமா பைத்தியம்ங்க, அதான் சனி ஞாயிறு நடக்குற நடிப்பு கிளாஸ் ஒண்ணுல சேத்துவுட்டோம். கிளாஸ் பேரு போடலைங்க, ஏன்னு கீழ படிச்சா உங்களுக்கே தெரியும்.

சொல்லிக் குடுக்கறவரு பழைய நாடகக்காரரு. ஆரம்பத்துல வசனமே தர்றதில்ல, மூச்சு புடிக்கறது, நேரா நிக்கறது, கத்தாம கடைசி வரிசை வரைக்கும் கேக்குற மாதிரி பேசறது, அவ்ளோதான். அப்பறம் எதிர்ல இன்னொரு பொடுசு பேசறப்ப இவ தன்னோட டைலாக்குக்கு காத்துட்டு நிக்காம நெசமாவே கேட்டுட்டு நிக்கணும், அதுக்கே ரொம்ப நாள் புடிச்சுது. கண்ணாடி முன்னாடி நடிச்சு பாக்கவே கூடாதுங்கறாரு, அது எனக்கு ரொம்ப புடிச்சுது. சொந்தக்காரங்க வந்தா ரூமுக்குள்ள ஓடி ஒளியறவ இப்ப உக்காந்து பேசறா.

ஆபீஸ் ரூம் கத வேறங்க. போட்டோ ஷூட்டுக்கு தனி காசு, கம்பெனிகளுக்கு அனுப்ப தனி காசு, கேட்டா "கமலும் ஸ்ரீதேவியும் இந்த வயசுலதான் வந்தாங்க"ன்னு ஒரே பாட்டு. ஏனுங்க, 1960ல களத்தூர் கண்ணம்மா வந்தப்ப கமலுக்கு ஆறு வயசு கூட முடியல, அதுக்கப்பறந்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழுவுல போயி கத்துக்கிட்டாரு. ஸ்ரீதேவி 1969ல நம்ம கோயமுத்தூர் சின்னப்பா தேவரோட துணைவன்ல முருகனா வந்தப்பவும் பச்ச மண்ணு. அதெல்லாம் காசு கட்டி வந்ததுங்களா? சின்னதுலயே நாடக கம்பெனிக்கு போன எம்ஜிஆரே இதே சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோல எடுத்த ராஜகுமாரில, 1947லதான் ஹீரோ ஆனாரு, அப்ப முப்பது வயசு.

சட்டம் பத்தி கேட்டா முழிக்கறாங்க. புள்ளைங்கள ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல நடிக்க வெக்கக்கூடாது, கலெக்டர்கிட்ட படக் கம்பெனி அனுமதி வாங்கணும், சம்பளத்துல 20 சதவீதமாச்சும் புள்ள பேர்ல பேங்க் டெபாசிட் போடணும். சினிமா ஆச காட்டி காசு வாங்கறவங்களுக்கு இது கூட தெரியலீன்னா எப்பிடிங்க?

கிளாசுக்கு நாலு ஸ்டார், ஆபீசுக்கு ஒண்ணு குடுக்கறதே ஜாஸ்தி. கார் நிறுத்த எடமில்ல, டூவீலர்ல போங்க. போட்டோ ஷூட் வேண்டாம்னு சேக்கறப்பவே சொல்லிருங்க, மொறைப்பாங்க, ஆனா வாத்தியாரு அதையெல்லாம் கண்டுக்கறதில்ல.