நலிந்த போன்சாயைத் தேற்றித் தரும் வெருலம் நாற்றுப்பண்ணை: ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே, வெருலம் பகுதியில், ஒரு தம்பதி தங்கள் வீட்டை ஒட்டி நடத்திவரும் சிறிய நாற்றுப்பண்ணை, நலிந்துபோன போன்சாய் மரங்களைக் கட்டணம் பெற்றுக்கொண்டு தேற்றித் தருகிறது. என் மாமனார் காலம் முதல் எங்கள் வீட்டில் வளர்ந்துவரும் அத்திமரத்தை அங்கே ஒப்படைத்து, உயிருடன் திரும்பப் பெற்றிருக்கிறேன். அவர்கள் செய்த வேலைகளைப் போலவே, செய்ய மறுத்த வேலைகளும் மரத்தைக் காப்பாற்றின என்பது என் கருத்து.

மரம் பர்ட்-டேவி அத்தி. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரத்தைச் சேர்ந்த இந்த இனத்துக்கு இயல்பிலேயே இலை சிறியது; பாறை இடுக்கிலும் வேர் பிடிக்கும்; இங்குள்ள போன்சாய் ஆர்வலர்கள் இதை விரும்பி வளர்ப்பது அதனால்தான். எளிதில் சாகாத அந்த மரம் சாகும் நிலைக்கு வந்ததற்குக் காரணம், வேறொரு கடையில் ஜூன் மாதத்தில் ஒரே நாளில் இலை முழுவதையும் உருவி, வேரில் பாதிக்குமேல் வெட்டி, களிமண் கலந்த தோட்ட மண்ணில் தொட்டி மாற்றிக் கொடுத்ததுதான். ஜூனில் இலை நீக்குவது ஜப்பானிய, ஐரோப்பிய நாள்காட்டிக்குப் பொருந்தும். அங்கே அது கோடையின் தொடக்கம். டர்பனில் அது குளிர்காலம். ஜூலை இரவுகளில் வெப்பநிலை 11 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற நம் முன்னோர் வாக்கும் இந்த மண்ணில் செல்லாது. நாம் விரதமிருக்கும் புரட்டாசியில்தான் இங்கே மண் சூடேறி வேர் ஓடத் தொடங்குகிறது. இலை இல்லாத மரத்துக்கு உணவு இல்லை, வேர் இல்லாத மரத்துக்குத் தண்ணீர் இல்லை, குளிரில் இரண்டையும் ஒருசேர உண்டாக்கிக்கொள்ள அதற்கு வலுவும் இல்லை.

பண்ணையில் முதலில் செய்தது சோதனை. பண்ணையை நடத்தும் அண்ணன் ஒவ்வொரு கிளையிலும் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பார்த்தார். அடியில் பச்சைக் கோடு தெரிந்து, வெண்பால் துளிர்த்த கிளைகளை விட்டுவிட்டு, பழுப்பாகக் காய்ந்திருந்தவற்றில் மட்டும் நூல் கட்டி அடையாளம் வைத்தார். பிறகு மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, மூங்கில் குச்சியாலும் மெல்லிய நீர்த்தாரையாலும் களிமண்ணைக் கரைத்தார். அழுகிய வேரை இரு விரலால் பிடித்து இழுத்தபோது, கறுத்த தோல் உறைபோல் கழன்று வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. புளித்த நாற்றம் அடித்தது. அத்தகைய வேர்களை மட்டும் அகற்றினார். உயிருள்ள வேர் ஒன்றைக்கூட வெட்டவில்லை. குளிர்காலத்தில் மண் மாற்றுவது பொதுவாகத் தவறு என்றாலும், அழுகல் வசந்தம் வரை காத்திருக்காது என்பதால் அந்த முடிவு சரியானதே.

புதிய மண்கலவை குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போன்சாய்க்கு வழக்கமாகப் பயன்படுத்தும், ஜப்பானிலிருந்து வரும் அகடாமா என்ற களிமண் துகளின் விலை இங்கே அதிகம் என்பதால், உடைத்த கல், சுட்ட களிமண் உருண்டை, பைன் பட்டைத் துண்டு ஆகியவற்றைச் சேர்க்கிறார்கள். இரகசியம் பொருளில் இல்லை, சலிப்பதில் இருக்கிறது: 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவுள்ள துகளை மட்டும் வைத்துக்கொண்டு, தூசி முழுவதையும் நீக்கிவிடுகிறார்கள். தூசி தங்கினால் அது அடியில் படிந்து காற்றோட்டத்தை அடைத்துவிடும். அழகிய ஆழமற்ற தொட்டியை ஒதுக்கிவிட்டு, ஓட்டைகள் நிறைந்த பிளாஸ்டிக் கூடையில் நட்டு, அடிமரம் அசையாதபடி கம்பியால் கூடையோடு கட்டினார்கள்; மரம் ஆடினால் புதிதாக வரும் மயிரிழை வேர்கள் அறுந்துபோகும். கூடையைத் தெளிந்த பிளாஸ்டிக் உறையால் மூடி, வடக்கு பார்த்த சுவரோரம் நிழல்வலைக்குக் கீழே வைத்தார்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே குளிர்கால வெயில் வடக்கிலிருந்துதான் விழும். இந்தியத் தோட்டக்கலைப் புத்தகங்களைப் பார்த்து இடம் தேர்வு செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உரம் ஏதும் வாங்கித் தரட்டுமா என்று கேட்டபோது, அண்ணனின் மனைவி சொன்ன பதில் நினைவில் நிற்கிறது: “வேர்தாம்மா அதுக்கு வாய். வாயே இல்லாதப்ப சோறு வெச்சு என்ன பண்றது?” கம்பி சுற்றி வடிவம் திருத்தவும், மிச்சக் கிளைகளைச் சமப்படுத்தவும்கூட மறுத்துவிட்டார்கள். புதுத் தளிர் விரிந்து, இலை முற்றிக் கரும்பச்சை ஏறிய பிறகுதான் மிக நீர்த்த உரம் கொடுத்தார்கள்.

முந்தைய கடையில் பட்டையோடு பிய்த்திருந்த காயத்தின் ஓரத்தைக் கூரிய கத்தியால் உயிருள்ள பகுதி வரை சீராக்கி, வடிந்த பாலைக் கழுவி, காயப்பசை பூசினார்கள். இடப்பக்க முதல் கிளை அடியோடு போய்விட்டது. அது அதே இடத்தில் மீண்டும் துளிர்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றும், மரம் வலுப்பெற்றபின் அதன் நீண்ட கிளையொன்றையே வளைத்து அங்கே ஒட்டுக் கட்டலாம் என்றும் தெளிவாகச் சொன்னார்கள். அத்தி இனத்தில் ஒட்டு எளிதில் சேரும் என்பதால் இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல.

குறைகளும் உண்டு. மரம் அங்கே இருந்த காலம் முழுவதும் அவர்களாக ஒருமுறைகூடத் தொலைபேசியில் நிலைமையைத் தெரிவிக்கவில்லை. நாமேதான் கேட்க வேண்டும். ஒரு புகைப்படம் அனுப்பினால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். கட்டணம் நியாயமானது, ஆனால் மண்கலவைக்குத் தனிக் கட்டணம் என்பதை முன்கூட்டியே சொல்வதில்லை. மரம் போன்சாய்த் தொட்டியில் திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம்: எங்கள் மரம் இன்னும் பிளாஸ்டிக் கூடையில்தான் நிற்கிறது, அடுத்த புரட்டாசி வரை மாற்றக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை.

கொண்டுசெல்பவர்கள் மரத்தைப் பக்கி எனப்படும் சிறு சரக்கு வண்டியின் திறந்த பின்புறத்தில் வைக்காமல் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். வேர் குறைந்த மரத்தின் ஈரத்தை நெடுஞ்சாலைக் காற்று உறிஞ்சிவிடும். உதிர்ந்த இலைகளில் சிலவற்றையும், பழைய தொட்டியின் மண்ணையும் கொட்டாமல் எடுத்துச் செல்லுங்கள். அண்ணன் முதலில் கேட்பது அவற்றைத்தான்.