கம்பியின் ஸ்வரமா, கோள்களின் எண்ணா?

வேலூர்ப் பக்கம் அறிவியல் கண்காட்சி நெருங்கினால், இசையையும் இயற்பியலையும் இணைக்க ஆசைப்படும் பிள்ளைகள் இரண்டு தலைப்புகளுக்கு நடுவே தவிக்கிறார்கள். ஒன்று, அதிரும் கம்பி. இன்னொன்று, கோள்களின் தூரங்களில் தெரியும் 'இசைவு'.

செலவு
கம்பி: சோனோமீட்டர் (பெட்டி மேல் கம்பியைக் கட்டி, முனையில் எடை தொங்கவிட்டு இழுக்கும் கருவி) வேண்டும், பெரும்பாலும் பள்ளி ஆய்வகத்திலேயே கிடைக்கும்.
கோள்: தாளும் கால்குலேட்டரும் போதும்.

சோதனை
கம்பி: நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஷட்ஜம். மூன்றில் இரண்டு பங்கு மட்டும் அதிர்ந்தால் பஞ்சமம், காதாலேயே சரிபார்க்கலாம். தொங்கும் எடையை 4 மடங்காக்கினால் அதிர்வெண் 2 மடங்கு. ஏன் என்று கேட்டால் அலைக் கோட்பாடு பதில் சொல்லும். மிருதங்கத்தின் கருப்புப் பூச்சு அதன் ஒலியை எப்படி இனிமையாக்குகிறது என்று சர் சி.வி. ராமன் ஆராய்ந்ததும் இந்த வழியில்தான்.
கோள்: பூமி–சூரியன் தூரத்தை 1 என்று வைத்தால், கோள்களின் தூரத்தை ஒரு எண் வரிசையால் கணிக்கும் டிட்டியஸ்–போடே விதி யுரேனஸுக்கு 19.6 தருகிறது, உண்மை 19.2. அடடா என்றிருக்கும். நெப்டியூனுக்கோ 38.8, உண்மை சுமார் 30. ஏன் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட காரணம் இல்லை.

அதற்காக எண் பொருத்தத்தை ஒதுக்கவும் வேண்டாம். ஹைட்ரஜன் நிறமாலைக்கு, அதாவது அது உமிழும் ஒளியில் தெரியும் நிறக்கோடுகளுக்கு, 1885இல் பால்மர் என்பவர் வெறும் எண்களிலிருந்தே சூத்திரம் கண்டார். 1913இல் இயற்பியலாளர் நீல்ஸ் போர் அதற்குக் காரணம் காட்டினார்.

சரி, எதை எடுப்பது? செய்து காட்ட வேண்டுமென்றால் கம்பிதான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. காவலூர் வானாய்வகத்தைப் பார்த்து வந்த ஆர்வத்தில், விவாதிக்கத் துணியும் பிளஸ் டூ மாணவருக்குக் கோள்கள். அட்டவணையில் நெப்டியூனை மட்டும் விட்டுவிடாதீர்கள்.