மோசின் துப்பாக்கிக்கு எது நல்லது: ராணுவ உபரித் தோட்டாவா, கடைத் தோட்டாவா?

1943-இல் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்த மோசின்-நாகாந்த் 91/30 என்ற பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஹூஸ்டன் பக்கம் வாங்கியது. முதல் வருடம் முழுக்க ராணுவ உபரித் தோட்டாதான், அதாவது ராணுவக் கிடங்குகளில் மிஞ்சி விற்பனைக்கு வந்த பழைய தோட்டாதான், சுட்டேன். இப்போது செர்பியாவின் ப்ர்வி பார்ட்டிசான் நிறுவனம் செய்யும் புதிய கடைத் தோட்டாதான் வாங்குகிறேன். என்னை மாற வைத்தது துரு.

உபரித் தோட்டாவிடம் எனக்கு இன்னும் பிரியம் உண்டு. ஒரு தகர டப்பாவுக்கு 440 தோட்டா, காற்றுப் புகாமல் அடைத்தது. எனக்கு வாய்த்த பல்கேரியச் சரக்கு பல பத்தாண்டுகள் பழையது. ஆனாலும் வெடிக்காமல் போனது ஒன்றுகூட இல்லை. 2010 வாக்கில் ஒன்று சுமார் 20 சென்ட்தான். அந்த விலை இனி வராது. பழைய கிடங்குச் சரக்கு தீர்ந்துகொண்டே போக, 2021-இல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதையும் அமெரிக்கா நிறுத்திவிட்டது.

சரி, துருவுக்கு வருவோம். அந்தக் காலத்துப் பிரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் தீ மூட்டும் சிறு மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடாகிக் குழலுக்குள் படிகிறது. சாப்பாட்டு உப்புக்கு நெருங்கிய உறவு அது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதே, அதே வேலையைக் குழலுக்குள் செய்யும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து எஃகை அரிக்கும். நான் செய்த தவறு, சுட்டு முடித்ததும் எண்ணெய் மட்டும் போட்டு அலமாரியில் வைத்தது. எண்ணெயில் உப்பு கரையாது. மூன்றாம் நாள் துணியை உள்ளே விட்டு இழுத்தால் செம்மண் நிறத்தில் வந்தது. தேய்த்து எடுத்த பிறகும் குழலில் சிறு குழிகள் நின்றுவிட்டன. பல பத்தாண்டுகள் தாங்கிய குழல், என் கையில் வந்து இப்படி ஆனது இன்றும் உறுத்துகிறது.

இதற்கு மருந்து வெந்நீர்தான். சுட்ட அன்றே குழலிலும், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகப்பிலும் ஊற்றி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, அப்புறம் எண்ணெய் போட வேண்டும். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் உப்பை முறித்துவிடும் என்பார்கள். அங்கேயும் வேலை செய்வது அதிலுள்ள தண்ணீர்தான். வேலை சிறியதுதான். ஆனால் களைத்து வீடு திரும்பும் ஒவ்வொரு முறையும் தவறாமல் செய்தாக வேண்டும்.

கடைத் தோட்டாவில் இந்த உப்பு கிடையாது. இரண்டு நாள் கழித்துத் துடைத்தாலும் குழல் பிழைத்துக்கொள்ளும். பித்தளைக் கூடு, எளிதில் கழற்றி மாற்றக்கூடிய பாக்ஸர் வகைப் பிரைமர் என்பதால் கூட்டை மறுபடி நிரப்பவும் முடியும். நான் இன்னும் அதில் இறங்கவில்லை. 100 கஜத்தில் குறியும் கொஞ்சம் நெருக்கமாக விழுகிறது. நான் சுட்டுப் பார்த்தது சில பெட்டிகள்தான், அதனால் அதை அடித்துச் சொல்ல மாட்டேன். விலை மட்டும் அப்போது பல மடங்காக இருந்தது. இன்று இடைவெளி குறுகிவிட்டது.

பித்தளையைப் பார்த்ததும் உப்பில்லாதது என்று நம்பிவிடாதீர்கள். ஏகே ரக துப்பாக்கிகளுக்கான யூகோஸ்லாவிய 7.62x39 உபரித் தோட்டா பளபளக்கும் பித்தளை, உள்ளே அதே அரிக்கும் பிரைமர். அதேபோல எல்லா உபரியும் அரிப்பதில்லை. அமெரிக்காவின் .30 கார்பைன் தோட்டா இரண்டாம் உலகப் போரிலேயே அரிக்காத பிரைமரோடுதான் வந்தது.

எம்1 காரண்ட் என்ற பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. மெதுவாக எரியும் வெடிமருந்தும் கனமான குண்டும் உள்ள வேட்டைத் தோட்டா, வாயு அழுத்தத்தில் அதன் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும் இயக்கத் தண்டை வளைத்துவிடக்கூடும். அங்கே ராணுவ அளவுக்குச் செய்த தோட்டாதான் பாதுகாப்பு.

ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சித் திடலுக்கு) போகும்முன் இன்னொன்று: பல இடங்களில் காந்தம் வைத்துச் சோதிப்பார்கள். உபரிக் குண்டில் எஃகு உறையோ எஃகு நடுவோ இருந்தால் காந்தம் ஒட்டும், உள்ளே விடமாட்டார்கள். டப்பாவைத் திறந்த பிறகு கடை திரும்ப எடுத்துக்கொள்ளாது. அதனால் முதலிலேயே ரேஞ்சில் கேட்டுவிடுங்கள்.